ரசீதின் ஓரத்தில்

உத்திரமேரூர்க் கடைவீதியின் இரைச்சல் எட்டும் தூரத்திலேயே இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலைக் காண வருகிற வெளியூர்க்காரர்கள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், அதன் சுவர்களில் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகளைப் பார்த்து வியந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதே ஊரில் நாற்பது வருஷங்களுக்கு மேலாக வக்கீல் குமாஸ்தாவாக ஜீவித்த எனக்கோ, அந்தக் கோயில் மண்டபம் வேறொரு காரணத்தால் மனத்தில் நிலைத்துவிட்டது. தாயும் தகப்பனும் பிரிந்துவிட்ட ஒரு குடும்பத்தில், கோர்ட்டு உத்தரவின்படி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தன் பெண்குழந்தையைப் பார்க்க வந்த ஓர் இளைஞனுக்கு அந்தக் கல்தளமே வீடாக இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் சாட்சியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நானாக இருந்தேன்.

வக்கீல் குமாஸ்தாவின் வேலை இன்னதென்று வெளியே பலருக்குத் தெரியாது. வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, மனுவை டைப் அடித்துப் பிழை பார்ப்பது, அதைக் கோர்ட்டில் கொடுத்து நம்பர் ஆகும்வரை நடையாய் நடப்பது, வாய்தா தேதியை டைரியில் குறித்துக் கட்சிக்காரருக்குச் சொல்லி அனுப்புவது என்று, காலை முதல் மாலை வரை காகிதத்தோடு கழிகிற பிழைப்புத்தான் அது. ஆயினும், வக்கீலின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற கிராமத்து ஜனங்கள், வெளியே திண்ணைப் பெஞ்சில் குமாஸ்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மனத்தில் உள்ளதைச் சொல்லத் தொடங்குவார்கள். மனுவில் ஏறாத விஷயங்கள் எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் வெளிவரும்.

இளம் தம்பதிகள் பிரிந்த வழக்குகளில் அந்தப் பெஞ்சில் நான் ஓயாமல் கேட்டவை இரண்டு கேள்விகள். “காசு குடுக்காதவனுக்குப் புள்ளைய எதுக்குக் காட்டணும்?” என்று பெண் வீட்டார் கேட்பார்கள். “புள்ளைய காட்டாதவளுக்குக் காசு எதுக்குக் குடுக்கணும்?” என்று பிள்ளை வீட்டார் கேட்பார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். இரு தரப்பிலும் வயிறெரிந்துதான் கேட்பார்கள். அவரவர் நிலையில் நின்று பார்த்தால் அவரவர் கேள்வியில் நியாயம் இருப்பதாகவும் தோன்றும். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவனுக்கு, குழந்தைக்குச் சேர வேண்டிய சோற்றையும் குழந்தைக்குச் சேர வேண்டிய தகப்பனையும் ஒன்றுக்கொன்று ஈடாக அடகு வைக்கிற ஒரே வியாபாரத்தின் இரண்டு பக்கங்கள் அவை என்பது விளங்கிவிடும். அந்த அடகுக் கடையில் வட்டி கட்டுவது குழந்தை ஒன்றே என்பதுதான் என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

சட்டம் இந்த இரண்டையும் ஒருபோதும் முடிச்சுப் போட்டதில்லை. 1974-இல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாத மனைவிக்கும் மைனர் குழந்தைக்கும் வசதியுள்ளவன் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று சொன்னபோது, அந்தக் குழந்தை முறையான விவாகத்தில் பிறந்ததா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக அது பெயர் மாறி நிற்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கிடையாது. 2001-இல் செய்த திருத்தம்தான் அந்த உச்சவரம்பை எடுத்தது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்றும் அதுவே சொன்னது. அதற்கு முந்தைய வருஷங்களில், குழந்தைக்கு மாதம் 60 ரூபாய் என்று உத்தரவு வாங்கிக்கொண்டு, அதை வசூலிக்க அதற்குமேல் பஸ்ஸுக்குச் செலவழித்து அலைந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பஞ்சாயத்தில் ‘அறுத்து விட்டு’, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, இனிக் குழந்தைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட காகிதங்களையும் பெஞ்சுக்குக் கொண்டுவருவார்கள். புருஷனும் மனைவியும் தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்துக்கொள்ளட்டும். குழந்தையின் பாத்தியதையை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று எங்கள் வக்கீல் ஐயா அந்தக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் சொல்லப் புகுந்த வழக்கு 2004-இல் வந்தது. பெண், பக்கத்துக் கிராமத்தில் தகப்பனோடு தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவள். அவளுக்கு அப்போது 22 வயது. பையன், வந்தவாசி சாலையில் ஒரு கிராமத்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. விடியற்காலம் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகு திரும்புகிறவன். தன் தங்கையின் கல்யாணத்துக்காக மனைவியின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தவன், மீட்டுத் தருவதாகச் சொன்ன தவணைகள் ஒவ்வொன்றாகத் தப்பிப்போக, அந்த மனஸ்தாபம் வெளியே சொல்லப்படாமல் வீட்டுக்குள் வளர்ந்திருக்கிறது. குழந்தைக்குக் காது குத்தத் தாய்வீட்டுக்கு வந்த இடத்தில், தாய்மாமன் மடியில் குழந்தை அழுதுகொண்டிருக்க, சீர்த்தட்டைப் பற்றிப் பெரியவர்கள் பேசிய ஒரு வார்த்தை தடித்து, பையன் சாப்பாட்டு இலையை விட்டு எழுந்து போனான். அதன் பிறகு அவன் அழைக்க வரவில்லை, அவளும் போகவில்லை. அடியும் உதையும் இல்லாமல், குடியும் இல்லாமல், யாராவது ஒருவர் ஒரு நடை வந்திருந்தால் நின்றிருக்கக்கூடிய ஒரு பிரிவு அது. ஆனால் ஆறு மாதம் கழிந்த பிறகு அந்த ஒரு நடையின் தூரம் மிகவும் நீண்டுவிடுகிறது. கோர்ட்டுக்கு வருகிற தூரம் அதைவிடக் குறைவாகிவிடுகிறது.

பெண்ணுக்காக எங்கள் ஆபீஸ் எம்.சி. என்கிற ஜீவனாம்ச மனு தாக்கல் செய்தது. எதிர்மனுவில் பையன், தான் கிடைத்தபோது கூலி வேலைக்குப் போகிறவன் என்றும், மாதம் 2,000 ரூபாய்தான் வருமானம் என்றும் சொன்னான். சம்பளத்தை ஒப்பந்தக்காரர் கவரில் போட்டுக் கையில் கொடுத்து வந்தபடியால் எங்களிடம் அதை மறுக்க ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு நாள் விடியற்காலம் நின்று, கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மாஜிஸ்திரேட் உத்தேசமாகக் கணித்துக் குழந்தைக்கு மட்டும் மாதம் 700 ரூபாய் என்று எழுதினார். பையன் பதினோரு மாதம் ஒரு பைசா கட்டவில்லை. பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும் என்பது விதியாகையால், நாள் தவறாமல் வசூல் மனுப் போட்டோம், வாரண்டும் பிறந்தது.

போலீஸ்காரர் கொண்டுவந்து நிறுத்திய அன்று, அவன் கூண்டில் கைகட்டி நின்று, “சாமி, புள்ளைய ஒரு தபா கண்ணுல காட்டச் சொல்லுங்க, மொத்தமும் கட்டிடுறேன்” என்றான். ஜீவனாம்ச வழக்கில் அந்த உத்தரவு போடத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், அதற்கு வேறு கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றும், பணம் கட்டாவிட்டால் ஜெயில் என்றும் மாஜிஸ்திரேட் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். சட்டப்படி அது சரி. ஜெயிலில் இருந்துவிட்டால் பாக்கி தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கிராமங்களில் உண்டு. சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் உபாயமே தவிரப் பணம் கட்டியதற்குச் சமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அவனுடைய அண்ணன் எங்கேயோ புரட்டிக்கொண்டு வந்து மாலைக்குள் பணத்தைக் கட்டினார். ஆனால் அவன் கூண்டில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக அவன் குழந்தையைப் பார்க்கவில்லை என்பது எங்கள் மனுவின் எந்தப் பாராவிலும் இல்லாத செய்தி.

குழந்தையைப் பார்க்கக் கேட்கும் மனு 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தின் கீழ் வருவது. கோர்ட்டு வழக்கில் அதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். அதற்கு அந்நாளில் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். ஆக, ஒரே குழந்தையின் சோறு உத்திரமேரூரில் ஒரு கட்டாகவும், அதே குழந்தையின் தகப்பன் செங்கல்பட்டில் ஒரு கட்டாகவும் ஆனார்கள். ஒரு கட்டு மற்றொன்றைப் பார்ப்பதில்லை. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டத்தின் 6-ஆம் பிரிவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனே பிரதானம் என்று 13-ஆம் பிரிவும் சொல்லுகின்றன. அவற்றை வைத்து, குழந்தை தாயிடமே இருக்கட்டும், தகப்பன் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில், தாயின் வக்கீல் குமாஸ்தா முன்னிலையில் பார்க்கட்டும் என்று இடைக்கால உத்தரவு ஆயிற்று.

முதல் ஞாயிறு அவன் ஒன்பது மணிக்கே வந்து காத்திருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. பெண்ணும் அவள் தகப்பனாரும் குழந்தையை அழைத்துவந்து என்னிடம் விட்டுவிட்டுத் தூரத்துப் படிக்கட்டில் போய் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தார்கள். நான்கு வயதுக் குழந்தை, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவனை அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவன் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய கண்ணாடி வளையல்களை எடுத்துப் பிரித்து, குழந்தையின் கையைப் பிடித்து ஒன்றைப் போட முயன்றான். வளையல் விரல் முட்டிகளிலேயே நின்றுவிட்டது. அவன் அழுத்தவில்லை, இன்னொன்றை எடுத்துப் பார்த்தான், அதுவும் அதே அளவுதான். அவன் அளவு எடுத்து வந்தது தான் கடைசியாகப் பிடித்த கையை. அந்தக் கை அதற்குப் பிறகு அவன் இல்லாமலே வளர்ந்திருந்தது. பன்னிரண்டு வளையல்களையும் அவன் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் திரும்ப அடுக்கியதை, படிக்கட்டில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தவள் எப்போது திரும்பிப் பார்த்தாள் என்று தெரியாது. குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொண்டபோது அவள் அவனைப் பாராமல் என்னிடம், “ரெண்டு சைஸ் பெருசா வாங்கியாரச் சொல்லுங்கய்யா” என்றாள்.

அந்த வார்த்தையை அவனுக்கு எப்படிச் சேர்ப்பித்தேன் என்பதிலிருந்துதான் என்னுடைய ஒரு வழக்கம் தொடங்கியது. மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் அவன் எங்கள் ஆபீஸில் வந்து பணத்தைக் கட்டுவான். அவள் வந்து வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போடுவாள். ரசீதின் ஒரு பிரதி அவனுக்குப் போகும். ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தில் நாலு விரற்கடை இடம் வெறுமையாக இருக்கும். அந்த மாதம் அந்த ஓரத்தில் வளையல் அளவை நானே எழுதினேன். அடுத்த மாதம் அவள் ரசீதை வாங்கி, தானே பேனாவை எடுத்து, “மூணு நாளாக் காய்ச்சல், இப்ப தேவலாம்” என்று எழுதினாள். அதற்கடுத்த ரசீதுகளில், பால்வாடி விட்டு ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது, முன்பல் விழுந்தது, கத்தரிக்காய் சாப்பிட மாட்டாள் என்பது என்று வந்துகொண்டே இருந்தன. அவனும் பணம் கட்டும்போது தன் பக்கத்தில், “ஞாயிறு டூட்டி, பதினோரு மணிக்குத்தான் வர முடியும்” என்று எழுதத் தொடங்கினான். ஒருவரையொருவர் பெயர் சொல்லவும் கூசிய இருவர், ரசீதின் ஓரத்தில் தாயும் தகப்பனுமாகப் பேசிக்கொண்டார்கள். அதைக் கண்டு அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று நான் உள்ளூர ஆசைப்பட்டதை மறைக்க மாட்டேன். அவர்கள் சேரவில்லை, 2008-இல் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த ஓரத்து எழுத்து அதன் பிறகும் நிற்கவில்லை. தாம்பத்தியம் முடிந்த பிறகும் பெற்றோர் என்ற ஸ்தானம் முடிவதில்லை என்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டது அங்கேதான்.

மண்டபத்தில் மாதா மாதம் உட்கார்ந்ததன் பயனாக, அது வரையில் காது கொடுத்துக் கேட்டிராத கல்வெட்டுச் செய்திகளை அங்கே வருகிற விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சபையின் வாரியங்களில் உறுப்பினராகத் தகுதி இல்லாதவர் யார் யார் என்று சொல்லும் இடத்தில், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது என்று அந்த விதிகள் சொல்லுகின்றன. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் கணக்குக் காட்டாதவனை வாசலிலேயே நிறுத்திய ஊரில், ஒரு தகப்பன் தன் சம்பளத்தை மறைத்து 2,000 என்று எழுதிக் கொடுக்க, நாங்கள் பஸ் நிற்கும் இடத்தில் துப்புத் தேடிக்கொண்டு நின்றோமே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இந்தக் குறைக்கு நிவர்த்தி 2020 நவம்பர் 4-ஆம் தேதி வந்தது. ரஜ்னேஷ் என்பவருக்கும் நேஹா என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்றும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இப்போது அந்தப் பத்திரத்தை நிரப்ப உட்காருகிற இளைஞர்களிடம், வருமானத்தோடு கடனையும் மறைக்காமல் எழுதுங்கள் என்று சொல்லுகிறேன். உண்மையான கணக்கு கொடுக்கிறவனுக்கும் பாதுகாப்பு. கட்ட முடியாத தொகையை எழுதவைத்துவிட்டு வாரண்டோடு துரத்துவதால் எந்தக் குழந்தையும் வயிறார உண்பதில்லை.

அந்தக் கல்வெட்டில் என்னை மிகவும் உருக்கியது வேறொன்று. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கிய பிறகு, அதிலிருந்து ஓலையை எடுக்க வேண்டியவன், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனாக இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. பெரியவர்களின் பக்ஷபாதம் தீண்டாத கை அது என்பதனால் ஊரே அந்தக் கையை நம்பியது. எங்கள் காலத்திலோ, கோர்ட்டு வராந்தாவில், இரு பக்கத்துப் பாட்டிமார்களும் குழந்தையைச் சூழ்ந்துகொண்டு, “ஜட்ஜ் அய்யா கேட்டா யார்கிட்ட இருக்கேன்னு சொல்லுவே?” என்று ஒத்திகை பார்ப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தை நீதிபதி தனியே கேட்டறிவது முறைதான். அதை அவர்கள் மிகுந்த ஜாக்கிரதையோடுதான் செய்கிறார்கள். ஆனால் வராந்தாவில் நடக்கும் ஒத்திகை, குழந்தையின் கையில் குடத்தைக் கொடுத்துவிட்டு, இந்த ஓலையைத்தான் எடுக்க வேண்டும் என்று கையைத் திருகுவதற்கு ஒப்பானது. எடுக்கப்படாத ஓலையில் இருப்பதும் அதன் தாயோ தகப்பனோதான்.

பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்பதைக் கோர்ட்டு விதிக்க முடியுமா என்ற கேள்வி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. குழந்தையைப் பார்க்க வருகிறவரை விருந்தினர்போல் நடத்திச் சிற்றுண்டியும் உணவும் அளிக்க வேண்டும் என்று ஒரு நீதிபதி உத்தரவிட, அதே வருஷத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. உபசாரம் உத்தரவினால் வருவதில்லை என்பது என் அபிப்பிராயமும்கூட. அதற்கு முன்பே, 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில், இரு பெற்றோரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைச் சட்டத்தில் கொண்டுவரலாம் என்று சிபாரிசு செய்தது. அது இன்னும் சட்டம் ஆகவில்லை. சட்டம் வரும்வரை குழந்தையின் கை வளராமல் காத்திருப்பதில்லை என்பதால், பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றைச் சொல்லி வருகிறேன். “அம்மா, அவன் காசு கொடுக்காவிட்டால் வசூல் மனுப் போடுவோம், ஞாயிற்றுக்கிழமையை நிறுத்தாதே. தம்பி, அவள் காட்டாவிட்டால் அதற்கு மனுப் போடுவோம். ஐந்தாம் தேதியை நிறுத்தாதே.” தாயையோ குழந்தையையோ அடித்த கை என்றால் அது வேறு விஷயம், அங்கே முதலில் பாதுகாப்பைத்தான் தேடுவோம். மற்ற இடங்களில் இந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஏற்றுக்கொண்டவர்களின் குழந்தைகளை நான் அறிவேன்.

அந்தப் பெண்குழந்தை இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், பணம் வாங்கத் தாயோடு கூட வந்திருந்தது. தாய் கையெழுத்திட்டுவிட்டு நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கையில், குழந்தை ரசீதுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் தன் தாய் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்து, பிறகு பேனாவை வாங்கி, அதன் கீழே கோணல்மாணலாகத் தன் பெயரையும், தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் எழுதியது. தாய் தடுக்கவில்லை. மைனரின் கையெழுத்து சட்டத்தின் முன் செல்லாது என்பது முப்பது வருஷம் காகிதத்தோடு பழகிய எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் கிழித்து வேறு எழுதவில்லை. பணம் யாருக்குச் சொந்தமோ அவரே பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட ரசீது, என் சர்வீஸில் அது ஒன்றுதான்.